1000 கெஜத்தில் காணாமல்போன குண்டுகள்: உறைத் தடிமனும் துல்லியமும்

நெடுந்தூரத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் குறிப்பலகை ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்கும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அது கீழே இறங்கும். பள்ளத்தில் இருப்பவர் துளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஒரு வட்டத் தட்டைச் செருகி மறுபடி மேலே ஏற்றுவார். 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவர் தொலைநோக்கியில் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் தன் குண்டு எங்கே விழுந்தது என்று அறிவார்.

1990-களின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்க மைதானங்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. பத்துப் பன்னிரண்டு குண்டுகள் நடு வளையத்துக்குள் ஒழுங்காக விழும். அடுத்த குண்டுக்குப் பலகை இறங்கி ஏறும், தட்டு இருக்காது. காகிதத்தின் ஓரத்திலும் துளை இல்லை, மரச்சட்டத்திலும் இல்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தோழர் மட்டும், பாதி வழியில் காற்றில் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரிந்ததாகச் சொல்வார். குண்டு பறக்கும்போதே சிதறிவிட்டது. அந்த ஒரு குண்டுக்குப் பூஜ்யம். ஒரு புள்ளியில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் விளையாட்டில் பத்துப் புள்ளிகள் ஒரே நொடியில் போய்விடும்.

சுட்டவரின் பிடியில் தவறில்லை, காற்றைக் கணித்ததிலும் தவறில்லை. தவறு குண்டின் மேலுறையில் இருந்தது. அந்த உறையின் தடிமன் துல்லியத்தை எப்படி ஆள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்வைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் "தடிமன்" என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது இரண்டு வேறு குணங்களை. ஒன்று, உறை எவ்வளவு தடியானது. மற்றொன்று, அது சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதால்தான் காணாமல்போன குண்டுகளின் காரணம் பிடிபடத் தாமதமானது என்பது என் எண்ணம்.

உறை ஏன், எப்படி

நம்மில் பெரும்பாலோர் அறிந்த துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக் வழியாக வந்தது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் போவது வெறும் ஈய வில்லை. 50 மீட்டர் போட்டியின் .22 தோட்டாவிலும் ஈயம்தான். வேகம் குறைவு என்பதால் உறை தேவைப்படுவதில்லை. வேகம் கூடினால் கதை மாறும். மென்மையான ஈயம், குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய திருகு வரிகளான உட்புரிகளில் வழுக்கி உரசி ஒட்டிக்கொள்ளும், குண்டு சரியாகச் சுழலாது. 1880-களில் சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் ஈயத்துக்குத் தாமிர உறை போட்டார். புகையில்லா வெடிமருந்து பரவிய பிறகு உறையில்லாத ராணுவக் குண்டே இல்லை என்றாயிற்று.

இன்று போட்டிக் குண்டுகளின் உறை பெரும்பாலும் கில்டிங் மெட்டல் என்ற கலவை. அதில் 95 சதவீதம் தாமிரம், 5 சதவீதம் துத்தநாகம். நம் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் எவர்சில்வர் டம்ளர் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் தயாரிப்பு உடனே புரியும். தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, டை என்ற குழிக்குள் பஞ்ச் என்ற தண்டை வைத்து அழுத்திக் குழிவான கிண்ணமாக்கி, அதை மறுபடி மறுபடி இழுத்து ஒடுக்கமான நீண்ட கிண்ணமாக்குவார்கள். பிறகு வாயைச் சமமாக வெட்டி, ஈயக் கம்பித் துண்டை உள்ளே வைத்து அழுத்தி, கடைசியில் முனையைக் கூராக்குவார்கள். டம்ளரின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட ஒரு நூலளவு தடித்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. குண்டு உறைக்கு அந்தச் சலுகை கிடையாது. பஞ்சும் டையும் ஒரே அச்சில் இல்லாவிட்டாலோ, தகடு ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, முதல் இழுப்பில் விழுந்த கோணல் கடைசி இழுப்பு வரை கூடவே வரும்.

கவண்கல்லும் குண்டும்

ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த உறையை எடுத்துக்கொள்வோம். குண்டின் வெளிவட்டம் சரியான வட்டம், அதில் பிழையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஈயக் கரு மெலிந்த பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 11.3 கிராம், உறையின் அடர்த்தி சுமார் 8.8 கிராம். ஆகவே எடை மிகுந்த பக்கம், பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, உறை மெலிந்த பக்கம்தான். குண்டின் நிறை மையம் அந்தப் பக்கம் மயிரிழை விலகிவிடும்.

குழலுக்குள் இருக்கும்வரை குண்டுக்கு வேறு வழியில்லை. இரும்புச் சுவர் பிடித்திருப்பதால் அது தன் வடிவ அச்சைச் சுற்றித்தான் சுழலும். விலகிய நிறை மையம் ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டே வரும். குழல் வாயைத் தாண்டிய கணத்தில் பிடி விடுபடுகிறது. கவணைச் சுற்றி ஒரு நுனியை விட்டதும் கல் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போவது போல, நிறை மையமும் அந்தக் கணத்தில் அதற்கிருந்த பக்கவாட்டு வேகத்தோடு கிளம்பிவிடும். குண்டு நேராகப் போகிறது, ஆனால் நாம் குறிவைத்த கோட்டில் அல்ல.

இந்த விலகல் கோணத்தைக் கணக்கிடுவது எளிது. நிறை மையம் விலகிய தூரத்தை 2π-யால் பெருக்கி, குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் புரிநீளத்தால் வகுத்தால் போதும். குண்டின் வேகம் இந்தக் கணக்கில் வரவே வராது. வேகம் கூடினால் பக்கவாட்டு வேகமும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால் கோணம் மாறாமல் நிற்கிறது. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதுவரை வெடிமருந்தைக் குறைத்தால் கோணல் குண்டும் நேராகப் போகும் என்றே நினைத்திருந்தேன்.

100 கெஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டியின் வழக்கமான 6 மில்லிமீட்டர் குண்டை எடுத்து எண்களைப் போடலாம். மேசைமேல் துப்பாக்கியை மணல் பைகளில் நிறுத்தி, 5 குண்டுகளை எவ்வளவு நெருக்கமாகச் சேர்க்க முடிகிறது என்று பார்ப்பதுதான் அந்த விளையாட்டு. புரிநீளம் 14 அங்குலம், உறைச் சுவர் 0.4 மில்லிமீட்டர் என்று வைப்போம். சுவரின் தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 50 மைக்ரான், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தால், ஈயக் கரு அதில் பாதியான 25 மைக்ரான் ஒதுங்கியிருக்கும். அடர்த்தி வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தக் குண்டின் நிறை மையம் விலகுவது சுமார் நாலரை மைக்ரான். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 100 கெஜத்தில் அது 7 மில்லிமீட்டர் விலகலாகிறது. எடைமிகுந்த பக்கம் ஒரு குண்டில் மேலும் இன்னொன்றில் கீழும் இருந்தால் இரு துளைகளுக்கும் இடையே 14 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும். இந்தப் போட்டியில் வெல்கிறவர்களின் சராசரிக் குரூப், அதாவது துளைகளின் பரவல், கால் அங்குலத்துக்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்குக் கீழே. அப்படியானால் இந்த உறையோடு போட்டிக்கு வருவதில் பொருளே இல்லை.

நல்ல போட்டி உறைகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு அங்குலத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு, ஏறக்குறைய 7.6 மைக்ரான். அதே கணக்கில் விலகல் 1 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. சுட்டவரின் மூச்சும் காற்றும் அதைவிடப் பெரிய பிழைகளைச் செய்யும். உறை அதற்குமேல் குறுக்கே நிற்காது.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த மருத்துவர் ஃப்ராங்க்ளின் மான் இதைக் கணினியோ மின்னணுக் கருவியோ இல்லாத காலத்தில் காகிதத்திலேயே நிரூபித்தவர். துப்பாக்கி அசையவே முடியாதபடி கான்கிரீட் மேடையில் பொருத்தி, வேண்டுமென்றே சமன் கெடுத்த குண்டுகளைச் சுட்டார். எடைமிகுந்த பக்கத்தை அடையாளமிட்டு, ஒவ்வொரு முறையும் அது குழலுக்குள் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொண்டார். பக்கத்தை மாற்றினால் துளையும் நேர் எதிர்ப்பக்கம் போயிற்று. 1909-ல் அவர் தன் சோதனைகளை நூலாக வெளியிட்டபோது, குண்டுகள் குறி விலகுவது தற்செயல் அல்ல, ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

மான் காட்டிய வழியில் உறையைச் சீராக்குவது உடனே நடந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் குண்டுக்கும் உறைக்கும் கடும் தட்டுப்பாடு. சுட்டு முடித்துக் கீழே கிடந்த .22 தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, விளிம்பை இழுத்து நேராக்கி உறையாக்கினார்கள். கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹன்டிங்டன் 1943-ல் அதற்கான டைகளைச் செய்துதான், கையால் தோட்டா தயாரிப்பவர்களுக்குக் கருவி செய்யும் ஆர்சிபிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். குண்டுத் தயாரிப்பாளர்களான வெர்னன் ஸ்பீரும் ஜாய்ஸ் ஹார்னடியும் அதே வழியில் வந்தவர்கள். தோட்டாக் கூடாகப் பிறந்த உலோகத்துக்குச் சுவர்ச் சமன் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை. பித்தளையில் இருந்த பிழை அப்படியே குண்டுக்குள் வந்தது. 1951-ல் தேசிய பெஞ்ச்ரெஸ்ட் சங்கம் உருவாகி, குரூப் அளவை நுணுகி நுணுகி ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் கையால் குண்டு செய்பவர்கள் ஒவ்வொரு உறையையும் நுண்ணளவு காட்டும் முள்கருவியான டயல் இண்டிகேட்டரில் சுழற்றிப் பார்த்து ஒதுக்கத் தலைப்பட்டார்கள். ஈயத்தை உள்ளே அழுத்திவிட்டால் சுவரை நேரடியாக அளக்க வழியில்லை என்பதால் இந்தச் சோதனை வெற்று உறையிலேயே நடந்தாக வேண்டும். முடிந்த குண்டை உருளைகள்மேல் சுழற்றி உள்ளே சமன் இருக்கிறதா என்று முள் காட்டும் ஜூயன்கே கருவி பின்னால் வந்தது. அது உண்மையில் எதை அளக்கிறது என்ற விவாதம் சுடுபவர்களிடையே ஓய்ந்தபாடில்லை.

இந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்தவர்கள் மனதில் ஒரு முடிவு ஆழமாகப் பதிந்திருந்தது: உறை மெலிதாக இருப்பதே நல்லது. மெல்லிய சுவரில் ஏற்றத்தாழ்வு குறைவாக வரும், ஈயத்துக்கு இடம் மிகும், அதே எடைக்குக் குண்டு குட்டையாகும். 100 கெஜத்துக்கு இது சரியான முடிவு.

தூரம் பத்து மடங்கானபோது

1980-களில் பில் டேவிஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் காற்றைக் குறைவாக எதிர்க்கும் நீண்ட கூர்முனைக் குண்டுகள் வந்தன. அவற்றை நெடுந்தூரத்துக்குத் தள்ளச் சுடுபவர்கள் தேர்ந்துகொண்ட தோட்டாக்களில் ஒன்று 6.5-284. 6.5 மில்லிமீட்டர் குண்டு, 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் எடை. நொடிக்கு 900 மீட்டர் வேகம், 8 அங்குலப் புரிநீளம், 30 அங்குலம் வரை நீண்ட குழல். கணக்குப் போட்டால் அந்தக் குண்டு நிமிடத்துக்கு 2,65,000 முறை சுழல்கிறது. அதன் மேற்பரப்பு சுழற்சியால் மட்டுமே நொடிக்கு 93 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்தக் குண்டுகள்தான் வழியில் மறைந்தன.

முதல் சந்தேகம் சுழற்சியின் மேல் விழுந்தது. வேகமாகச் சுழல்வதால் உறை கிழிகிறது, புரிநீளத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் சுழற்சி மட்டும் காரணம் என்றால் அது மிக அதிகமாக இருக்கும் குழல் வாயிலேயே குண்டு சிதறியிருக்க வேண்டும். இங்கோ சற்றுத் தூரம் போனபின் சிதறியது. புதுக் குழலில் அரிதாகவும், உட்தொண்டை, அதாவது குண்டு புரிகளுக்குள் நுழையும் இடம், அரித்துச் சொரசொரத்துப்போன பழைய குழலில் அடிக்கடியும் நடந்தது. வரிசையின் முதல் குண்டுகளைவிட, குழல் சூடேறிய பிறகு சுட்டவற்றில் அதிகம் நடந்தது. சுழற்சி எல்லாக் குண்டுக்கும் ஒன்றுதான். மாறிக்கொண்டிருந்தது உரசலும் சூடும்.

குண்டு தயாரிக்கும் பெர்கர் நிறுவனம் தன் குண்டுகளை வைத்து ஆராய்ந்து வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: புரிகளின் உரசலில் உறை சூடாகி, அந்தச் சூடு உள்ளே போய் ஈயக் கருவின் ஓரத்தை உருக்குகிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கில்டிங் மெட்டல் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய ஈயம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளாது. அத்தனை வேகச் சுழற்சியில் அது உறையை உள்ளிருந்து வெளியே தள்ளும். உறையின் மேலோ புரிகள் ஏற்கெனவே கீறல் போட்டிருக்கின்றன. அந்தக் கீறலில் வெடிப்பு தொடங்குகிறது. காற்றில் தெரிந்த சாம்பல் கோடு சிதறிய ஈயம்.

ஏன் சற்றுத் தள்ளிப் போய்ச் சிதறுகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தாமிரத்தைக் கடந்து வெப்பம் மறுபக்கம் சேர மூன்று நான்கு மில்லிசெகண்டு ஆகும். குண்டு குழலுக்குள் இருப்பதோ ஒன்றரை மில்லிசெகண்டு. சூடு ஈயத்தைத் தொடும்போது குண்டு வெளியே பறந்துகொண்டிருக்கிறது.

தீர்வு அந்தக் கால நம்பிக்கைக்கு நேர் எதிராக இருந்தது: உறையைத் தடிப்பாக்குவது. வெப்பம் கடக்க எடுக்கும் நேரம் தடிமனின் இருமடியாகக் கூடும். உறையை 30 சதவீதம் தடிப்பாக்கினால் நேரம் 70 சதவீதத்துக்கு நெருக்கமாக நீளும். அதைவிட முக்கியம், அதே கனஅளவு தாமிரம் அதே சூடேற்றத்துக்கு ஈயத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். தடித்த உறை சூட்டைத் தனக்குள்ளேயே பரப்பிக்கொண்டு ஈயத்துக்குக் குறைத்துக் கொடுக்கிறது. பெர்கர் தன் போட்டிக் குண்டுகளை அதன்பின் தடித்த உறைக்கு மாற்றியது. பழைய மெல்லிய உறை வேட்டைக் குண்டுகளுக்கு என்று தனியாக நின்றது, ஏனென்றால் அங்கே குண்டு விலங்கின் உடலுக்குள் போய் விரிய வேண்டும். ஒரே வடிவம், இரண்டு உறை. இன்றும் பெட்டியைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

துல்லியம் கெட்டதா?

தடித்த உறை வந்ததும் எழுந்த அச்சம் இது: சுவர் தடித்தால் ஏற்றத்தாழ்வும் கூடுமே, குரூப் விரிந்துவிடாதா? இங்கேதான் முதலில் சொன்ன இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுவர் எவ்வளவு தடித்தாலும், தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அதே 7.6 மைக்ரானுக்குள் இருந்தால் விலகல் கூடாது. சொல்லப்போனால் சிறிது குறையும். தடித்த உறைக்குள் ஈயம் குறைவு, ஒதுங்கினாலும் அது இழுக்கும் இழுப்பும் குறைவு. தடித்த தகட்டை அதே நுட்பத்தோடு இழுப்பது கடினம் என்பது உண்மை. அது பட்டறையின் திறமையைப் பொறுத்தது. தடிமன் என்பதன் குற்றம் அல்ல.

இப்போது 8 அங்குலப் புரிநீளத்தில், 1000 கெஜத்தில், அந்த 7.6 மைக்ரான் எவ்வளவு விலகலைத் தரும் என்று பார்த்தால் சுமார் 18 மில்லிமீட்டர். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் பத்துப்புள்ளி வளையம் 10 அங்குலம், 254 மில்லிமீட்டர். அதே தூரத்தில் பக்கவாட்டுக் காற்றை மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் தவறாகக் கணித்தாலே குண்டு சுமார் 15 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே இந்தத் தூரத்தில் உறையின் சமனுக்காக இரவெல்லாம் உறை பொறுக்குகிறவர் காற்றுக்கொடிகளைப் படிக்க அந்த நேரத்தைச் செலவிடலாம் என்பேன். ஆனால் உறை போதிய தடிமனில்லாமல் ஒரு குண்டு மறைந்தால் எந்தக் காற்றுக் கணிப்பும் அதை மீட்காது. 100 கெஜத்தில் எதிர்மாறு. அங்கே 65 கிரெய்ன் எடைக் குண்டு, குட்டையான உராய்வுப் பரப்பு, 14 அங்குலப் புரி. கரு உருகும் அளவுக்குச் சூடேறுவதில்லை. அங்கே மெல்லிய, சமமான உறையே அரசன்.

இடையில் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. தாமிரம் ஈயத்தைவிட இலேசு. தடித்த உறையோடு அதே எடையைக் கொண்டுவர வேண்டுமானால் குண்டு சற்று நீளும். நீண்ட குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும், அது உரசலையும் சுழற்சி அழுத்தத்தையும் ஏற்றும். முழுக்க முழுக்கத் தாமிரத்தை லேத்தில் கடைந்து செய்யும் குண்டில் கருவே இல்லை, ஒதுங்குவதற்கும் உருகுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் இந்த நீளப் பிரச்சினை அங்கே இன்னும் கூடுதல்.

உறை தாங்கவில்லை என்பதைக் குண்டு மறைந்த பிறகுதான் அறிய வேண்டும் என்பதில்லை. அதே துப்பாக்கியை 100 கெஜத்தில் வெள்ளைக் காகிதத்தில் சுட்டு, குழல் நன்றாகச் சூடேறும்வரை தொடர்ந்து, கடைசித் துளைகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். துளையின் ஓரத்தில் வழக்கமான கரி வளையம் மட்டும் இருந்தால் உறை தாங்குகிறது. அதிலிருந்து சாம்பல் நிறக் கீற்றுகள் சுழன்று வெளியே சிதறியிருந்தால், ஈயம் ஏற்கெனவே கசியத் தொடங்கிவிட்டது.